சபைக்குப் போன சொல், லயத்துக்குத் திரும்ப வேண்டும்
(ஹட்டனில், கோ. நடேசய்யர் நினைவாக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காலையில் மலைக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, உடுத்திய படங்கை அவிழ்த்து வைத்த கையோடு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே!

ஹட்டனில் நின்று இலங்கைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரைப் பற்றிப் பேசுவது, ஆற்றங்கரையில் நின்று ஆற்றைப் பற்றிப் பேசுவது போன்றது. இது அவர் தொகுதி. 1936ஆம் ஆண்டு இந்த ஹட்டன் தொகுதி மக்கள்தாம் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். ஆனால் இன்று நான் அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நம் மக்களின் நோயையும் பசியையும் பிரசவத்தையும் பிள்ளைகளின் வளர்ச்சியையும் பற்றிச் சட்டசபையில் ஒருவர் பேசுகிறாரே, அந்தப் பேச்சுக்கு அப்புறம் என்ன ஆகிறது?

பேச்சு அச்சாகிறது. சபைப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறுகிறது. அதன் பிறகு? அந்தச் சொல் கொழும்பிலேயே தங்கிவிடுகிறதா? ரயிலேறி, பஸ் மாறி, ஒற்றையடிப் பாதையில் நடந்து, தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்து இஸ்தோப்புக்கு வந்து சேருகிறதா? இதுதான் என் கேள்வி. இதுதான் இன்றைய பொருள்.

முதலில் ஒரு பழைய சட்டத்தைச் சொல்கிறேன். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டப் பகுதிகளுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் செய்தார்கள். 1912இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டிய பொறுப்பு தோட்டத் துரையுடையது என்று சட்டமே சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தது? ஆங்கிலத்தில். யார் கையில் இருந்தது? துரையின் மேசையில். பிள்ளை பெற்றுக் கிடந்த அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்? கங்காணி சொன்னாரா? கணக்கப்பிள்ளை சொன்னாரா? தனக்கு உரியது எது என்று தெரியாதவள் அதை எப்படிக் கேட்பாள்?

அடுத்து 1916. கொக்கிப்புழு நோயை ஒழிக்க ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் ஓர் இயக்கம் தொடங்கியது. கொக்கிப்புழு என்றால் என்ன? கழிவறை இல்லாத இடத்தில், மண்ணில் கலந்த மலத்திலிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும் புழு. குடலில் உட்கார்ந்து இரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளுத்துப் போவார், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். “சோம்பேறி” என்று திட்டு வாங்கிய எத்தனையோ பேர் உண்மையில் நோயாளிகள்! மருந்து கொடுத்தால் புழு விழும். கழிவறை கட்டிக் கொடுக்காவிட்டால் மறுபடியும் ஏறும். ஆக, மருந்து போதாது. கழிவறை வேண்டும், தண்ணீர் வேண்டும், காலுக்குச் செருப்பு வேண்டும், செருப்பு வாங்கச் சம்பளம் வேண்டும். சுகாதாரம் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை என்பதை நம் மலைகளுக்கு அந்தப் புழுவே கற்றுக் கொடுத்தது.

சரி. இப்படி ஒரு மக்கள் கூட்டம். சட்டம் உண்டு, அது தெரியாது. நோய் உண்டு, அதைச் சொல்லும் வாய் இல்லை. இந்தக் காலத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து நடேசய்யர் வருகிறார்.

அவர் முதலில் என்ன செய்தார்? தோட்டம் அன்றைக்குத் துரையின் தனிச் சொத்து. வெளியாள் கேட்டைத் தாண்டினால் அத்துமீறல். அதனால் அவர் புடவை வியாபாரியாக, துணி மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போனார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நினைத்துப் பாருங்கள். படித்தவர், பத்திரிகை நடத்தத் தெரிந்தவர், தோளில் மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்குகிறார். எதற்காக? புடவை விற்கவா? இல்லை. காம்பராவுக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், கடன் எவ்வளவு, அரிசி எவ்வளவு, காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள் என்று தன் கண்ணால் பார்க்க!

சபையில் பேசப்போகும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் உண்டா?

பார்த்ததை எழுதினார். 1920இல் இலங்கையிலேயே தங்கி, பிறகு தேசநேசன் பத்திரிகையில் எழுதினார். 1924இல் தேசபக்தன் கண்டார். 1925இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபைக்குள் போனார். லயத்திலிருந்து சபைக்கு ஒரு பாதை முதன்முதலாக அப்போதுதான் வெட்டப்பட்டது.

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1927இல், இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. ஆனால் பெண்ணின் பேருக்கு 11 சதம் குறைவு! அந்த வேறுபாடு நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணின் சம்பளம் குறைந்தால் சட்டியில் என்ன குறையும்? பிள்ளையின் உணவு குறையும். அதனால்தான் சொல்கிறேன்: சம்பள விவாதம் என்பதும் சுகாதார விவாதம்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பார்கள். நம் மக்களுக்கு உடம்பே சுவர்.

பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது. அந்தச் சம்பளத்தையும் வெட்டினார்கள். அந்த நேரத்தில்தான், 1931இல், நடேசய்யர் இந்த ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1933இல் ‘பிளாண்டர் ராஜ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தோட்டத்துக்குள் நடப்பது பிரித்தானிய அரசின் ஆட்சிகூட அல்ல, துரைமாரின் தனி ஆட்சி என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது.

இங்கே இன்னொருவருக்கும் நாம் மரியாதை செய்ய வேண்டும். அதே 1931இல் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை வந்தது. நம்மவர்களில் எல்லோருக்கும் வாக்குக் கிடைக்கவில்லை. நிரந்தர வதிவு, ஐந்து வருடச் சான்றிதழ் என்று வடிகட்டி, சுமார் 1,00,000 பேருக்கு மட்டுமே கிடைத்தது. அந்த முதல் சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றிப் போனவர் பெரி. சுந்தரம். அந்தச் சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக அவரே அமர்ந்தார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1934இல், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது.

இது என்ன சட்டம்? வேலை செய்யும்போது கை போனால், கால் போனால், உயிர் போனால், முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம். தாய்மார்களே, இது உங்களுக்குத் தூரத்து விஷயம் என்று எண்ணாதீர்கள். கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கொட்டி, எத்தனை பேரை டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்! அப்படி ஒருவர் விழும்போது அவர் குடும்பம் சட்டத்தின் முன் நின்று கேட்க ஓர் இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்தின் அடிக்கல் 1934இல் வைக்கப்பட்டது. அதை வைத்த அமைச்சர் ஹட்டன் தொகுதியின் உறுப்பினர்.

1936இல் அதே ஹட்டன் நடேசய்யரைத் தேர்ந்தெடுத்தது. அவர் இருந்த அந்த இரண்டாவது சபையில்தான், 1939இல், மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கு வேலையிலிருந்து ஓய்வு, ஓய்வுக்குப் பணம். பிள்ளை பெறுவது பெண்ணின் சொந்தக் கஷ்டம் என்ற எண்ணத்தை உடைத்து, அது நாட்டின் பொறுப்பு என்று சொன்ன சட்டம்.

ஒரு சட்டத்தை ஒரு தனி மனிதர் கொண்டு வருவதில்லை. அதில் பலருடைய கைகள் உண்டு. நடேசய்யரின் கையில் தனிப்பட்ட சிறப்பு எது என்று கேட்டால், நான் ஒன்றையே சொல்வேன். அவர் சபைக்குப் போன வழியே திரும்பி வந்தார்!

எப்படித் திரும்பி வந்தார்? சபையில் அன்று மொழி ஆங்கிலம். அவர் அங்கே பேசியதில் ஒரு சொல்கூட லயத்தில் இருந்தவருக்கு விளங்காது. அதனால் தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் நூலாக்கினார். உனக்கு என்ன உரிமை, உனக்கு என்ன கடமை என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்டார். நாடகம் எழுதினார். படிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? அங்கேதான் மீனாட்சி அம்மை வருகிறார். நடேசய்யரின் துணைவியார். தோட்டத்து மக்களின் துயரங்களைப் பாட்டாகக் கட்டினார். 1940இல் அவற்றை நூலாகவும் அச்சிட்டார். மேடைகளில் தாமே நின்று பாடினார். எழுத்து நுழையாத காதில் பாட்டு நுழைந்தது.

கணவர் சபைக்குச் சொல்லைக் கொண்டு போனார். மனைவி அந்தச் சொல்லைப் பாட்டாக்கி லயத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். போன பாதையும் வந்த பாதையும் சேர்ந்தால்தான் அது பாதை. போக மட்டும் வழி இருந்து, வர வழி இல்லை என்றால், அதைப் பாதை என்று சொல்லலாமா?

நண்பர்களே, இப்போது பேச்சின் கனமான இடத்துக்கு வருகிறேன்.

1947இல் பாராளுமன்றம் வந்தது. நம் மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை அங்கே அனுப்பினார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியிலிருந்து இராஜலிங்கம், இன்னும் நால்வர். வேலுப்பிள்ளை வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர். தோட்டத்து மண்ணே நேராகப் போய்ச் சபையில் உட்கார்ந்தது. நடேசய்யர் அந்தத் தேர்தலில் மஸ்கெலியாவில் தோற்றார். அந்த ஆண்டு நவம்பரிலேயே மறைந்தார். அடுத்து வந்த இடியைப் பார்க்காமலே போய்விட்டார்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். சுமார் 7 இலட்சம் பேர் ஒரு கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் நம் மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அடுத்த தேர்தலில்? இல்லை. அதற்கடுத்த தேர்தலில்? இல்லை. 1977வரை இல்லை! இடையில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள், அவர்கள் பேசவும் செய்தார்கள். ஆனால் வாக்குப் பலத்தோடு நின்று, “என் மக்களுக்குப் பதில் சொல்லுங்கள்” என்று கேட்கும் குரல் 25 ஆண்டுகள் இல்லை.

அந்த 25 ஆண்டுகளுக்கு நாம் கொடுத்த விலை என்ன? 1973, 1974ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் கோதுமை விலையும் அரிசி விலையும் ஏறின. பங்கீட்டு உணவு வெட்டப்பட்டது. மா இல்லை, அரிசி இல்லை. கிராமத்தில் உள்ளவருக்கு ஒரு பலா மரமாவது இருக்கும், ஒரு மரவள்ளிப் பாத்தியாவது இருக்கும். லயத்தில் உள்ளவருக்கு? வாசலுக்கு வெளியே தேயிலை. தேயிலையை அவித்துத் தின்ன முடியுமா? அந்த ஆண்டுகளில் நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடத் தோட்டங்களில்தான் இறப்பு கூர்மையாக உயர்ந்தது. பசியால் ஊதிய உடம்போடு வீதியோரங்களில் கிடந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

நான் உங்களைக் கேட்கிறேன். அந்த நேரத்தில் 1947இல் போல ஏழு பேர் சபையில் இருந்திருந்தால், அந்தச் சாவு அவ்வளவு மௌனமாக நடந்திருக்குமா? வாக்குச்சீட்டு வேறு, சோற்றுக் கோப்பை வேறு என்று எவராவது சொன்னால், நம்பாதீர்கள்! வாக்கு போனது, கால் நூற்றாண்டு கழித்து உயிர் போனது. இரண்டுக்கும் இடையில் ஒரே கயிறுதான் ஓடுகிறது.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் தெரிவானார். அடுத்த ஆண்டு அமைச்சரானார். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் நாடற்றவர் என்ற பழி நீங்கியது. பாதை மறுபடியும் திறந்தது.

திறந்த பாதையில் என்ன வந்தது? 2018ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வருடத்தில் நம் வாழ்வைத் தொடும் மூன்று சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, பிரதேச சபைச் சட்டத் திருத்தம். 1987இல் வந்த சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்ய முடியாது என்று 30 ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். நாம் வாக்குப் போட்ட சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது! அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இரண்டு, மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபைச் சட்டம். மூன்று, மகப்பேற்று நன்மைகள் சட்டத் திருத்தம். அதுவரை மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் விடுமுறை. திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள்.

தாய்மார்களே, இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இந்த 84 என்ற எண் தெரியும்? கை தூக்க வேண்டாம். உங்களைச் சங்கடப்படுத்த நான் கேட்கவில்லை. என் வீட்டுக் கதை ஒன்று இருப்பதால் கேட்கிறேன்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். என் தம்பி பிறந்த பிறகு ஒருநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பணம் வாங்கி வந்தார். நான் கூடப் போயிருந்தேன். கொடுத்த காசை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரைக் கும்பிட்டார். வரும் வழியில், “தொர நல்லவருப்பா, புள்ள பெத்ததுக்குக் காசு குடுத்திருக்காரு” என்றார். அவர் வாழ்ந்து முடியும் வரை அதைத் துரை கொடுத்த தானம் என்றே நினைத்திருந்தார். நான் படித்து, சட்டத்தைப் பார்த்து, பழைய சம்பளத் துண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. அது தானம் அல்ல, சட்டம். அதுவும் முழுக் காசு அல்ல, குறைத்துக் கொடுத்த காசு. அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது எந்தத் தோட்டமாகவும் இருந்திருக்கலாம்.

1939இல் சபையில் நிறைவேறிய சொல், அத்தனை வருடம் கழித்தும், என் அம்மாவிடம் வந்து சேரவில்லை. அவருக்கு அதைச் சொல்ல ஒரு மீனாட்சி அம்மை இல்லை.

அண்மைக் காலத்து நிலை என்ன? 2016இல் நாடு தழுவி எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள், நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! நம் பிள்ளைக்காம்பராவில் விளையாடும் மூன்று பிள்ளைகளில் ஒன்று, வளர வேண்டிய அளவு வளரவில்லை. இது விதியா? பரம்பரையா? இல்லை. கர்ப்பிணித் தாய் சாப்பிட்டாளா, எத்தனை நாள் ஓய்வெடுத்தாள், பிள்ளைக்கு எத்தனை மாதம் பால் கிடைத்தது, பீலித் தண்ணீர் சுத்தமா, ஒரே காம்பராவில் அடுப்புப் புகைக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், இவற்றின் கூட்டுத் தொகைதான் அந்த 32.

தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது 1990களிலேயே கொள்கையாக ஏற்கப்பட்டது. சில ஆஸ்பத்திரிகள் பொறுப்பேற்கப்பட்டன. பல இன்னும் இழுபடுகின்றன. நாட்டின் மற்றக் குடிமகனுக்கு அரசாங்க வைத்தியர், நமக்கு மட்டும் கம்பனியின் டிஸ்பென்சரி என்ற இரட்டை வழி இன்னும் முழுதாக மூடப்படவில்லை. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுந்தது. நன்றியோடு நினைப்போம். ஆனால் கட்டடம் மட்டும் ஆஸ்பத்திரி ஆகுமா? உள்ளே வைத்தியர் வேண்டும், தாதி வேண்டும், “எங்கே வலிக்குதும்மா?” என்று தமிழில் கேட்க ஒரு நாக்கு வேண்டும். மேல் பிரிவிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி கீழே இறங்கி வர ஒழுங்கான பாதை வேண்டும். இவ்வளவையும் சபையில் கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

ஆகவே, நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். சுகாதார அமைச்சின் செலவின விவாதம் வரும் நாளில் எழுந்து பேசுங்கள். பேசிவிட்டுத் திரும்பி வாருங்கள். பேசியதை, அமைச்சர் சொன்ன பதிலை, வந்த சட்டத்தை, ஒரு தாளில் எளிய தமிழில் அச்சிட்டுப் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் படித்துக் காட்டுங்கள். நடேசய்யர் காலத்தில் இது எளிதாக இல்லை. ஆங்கிலத்தை ஒருவர் உட்கார்ந்து தமிழாக்க வேண்டியிருந்தது. இன்று சபையில் தமிழில் பேசலாம். ஹன்சாட் தமிழிலும் பதிவாகிறது. ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி இருக்கிறது. இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உறுப்பினர் தோட்டத்துக்கு வரும்போது மாலை போடுங்கள், தப்பு அடியுங்கள், ஆரத்தி எடுங்கள். நம் பண்பாடு அது. ஆனால் அவர் உட்கார்ந்ததும் ஒருவர் எழுந்து கேளுங்கள்: “ஐயா, இந்த வருஷம் எங்க புள்ளைங்களப் பத்தி, எங்க ஆஸ்பத்திரியப் பத்தி, சபையில என்ன பேசுனீங்க? என்ன பதில் வந்துச்சு?” மரியாதையோடு கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.

ஆசிரியர்களே, இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் லயத்தில் கர்ப்பிணியாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் 84 என்ற எண்ணைச் சொல்லுங்கள். எப்போது அறிவிக்க வேண்டும், எப்படிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து விளக்குங்கள். ஒரு மீனாட்சி அம்மை அன்று மேடையில் நின்று பாடினார். இன்று ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மீனாட்சி அம்மை வேண்டும்.

என் அம்மா அந்தக் காசைக் கும்பிட்டு வாங்கினார். உங்கள் மகள் அதை எண்ணிப் பார்த்து வாங்கட்டும். குறைந்தால், ஏன் குறைகிறது என்று அந்த ஜன்னலிலேயே நின்று கேட்கட்டும்.